செம்புக் குடமும் ஓர் இறாலும்

எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்திருக்காவிட்டால் எங்கள் வீட்டுக்குக் கடல் வந்திருக்காது.

மாட்டுங்காவில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே பாறை, பாறை மேல் பூப்பூவாகப் பவளங்கள், நீல வெளிச்சம். ஒரு பெரிய மஞ்சள் மீன் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நின்றது. சிவப்பு முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு போட்ட ஓர் இறால் அந்த வாய்க்குள் இறங்கி, இடுக்கிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. உள்ளறையில் ஒரு பல் டாக்டர், வெளியறையில் ஒரு பல் டாக்டர்! கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்களாம். எனக்குக் கேட்கவில்லை.

நான் தாராவியில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். எவர்சில்வர், பித்தளை, செம்பு. காலை ஒன்பதுக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் ஷட்டரை இறக்குவேன். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் கடை உண்டு. செம்பூரில் இரண்டாவது மாடியில் வீடு. மகள் கல்யாணமாகி நெருளுக்குப் போனபிறகு வீட்டில் நானும் மனைவியும்தான். இரண்டு பேரும் சுத்த சைவம். அப்படிப்பட்ட வீட்டில் போய், வீங்கிய கன்னத்தோடு, "ஒரு மீன் தொட்டி வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"மீனா? நம்ம வீட்லயா? பல்லைப் புடுங்கப் போனியளா, மூளையைப் புடுங்கிட்டு வந்துட்டியளா?"

"திங்கிறதுக்கு இல்ல. பாக்கிறதுக்கு."

செல்போனில் எடுத்து வந்திருந்த வீடியோவைக் காட்டினேன். மீனின் வாய்க்குள் இறால் போவதை மூன்று முறை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"சரி. ஆனா ஒரு கண்டிஷன். நம்ம வீட்டுக்குள்ள ஒரே ஒரு உசிரு செத்துச்சுன்னு வைங்க, அன்னைக்கே தொட்டி வெளிய போயிரணும். மறுபேச்சு கெடையாது."

சாமி படத்துக்கு முன்னால் நின்று சரி என்றேன். அந்த நேரத்தில் அவள் கயிலாயத்தைப் பெயர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதன்பின் ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றடித் தொட்டி வந்தது. லிஃப்டுக்குள் நுழையாததால் நாலு பேர் படியில் தூக்கிவர, நான் ஒவ்வொரு திருப்பத்திலும் "சம்பால்கே, பாத்து, சம்பால்கே" என்று கத்திக்கொண்டே பின்னோக்கி ஏறினேன். ஹாலில் இருந்த டி.வி. படுக்கையறைக்குப் போனது. அலை உண்டாக்கும் பம்பு வந்தது. அழுக்கை நுரையாகத் தள்ளிவிடும் குழாய் வந்தது. விளக்கு, வெப்பமானி, தண்ணீரைக் குளிர்விக்க இரண்டு குட்டி ஃபேன், கரண்டு போனால் இதற்கெல்லாம் தனியாக ஓர் இன்வெர்ட்டர். எங்கள் படுக்கையறை ஃபேனுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை என்பதை மனைவி எடுத்துச் சொன்னபோது, பவளத்துக்கு வியர்க்கத் தெரியாது என்று பதில் சொன்னேன்.

குர்லாவில் இந்தச் சாமான்களையெல்லாம் விற்கும் கடைக்காரர்தான் எனக்குக் குரு, மந்திரி எல்லாம். டிராம்பே பக்கம் கடல் இருக்கிறதே, ரெண்டு கேன் தண்ணீர் பிடித்துவந்தால் ஆகாதா என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, கல்லாவில் இருந்த தன் தம்பியைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு முறை கேட்கச் சொல்லி மறுபடியும் சிரித்தார். பவளத் தொட்டிக்கென்றே தனி உப்புத்தூள் உண்டாம். அதைச் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் வாளியில் மட்டும்.

பிளாஸ்டிக்! முப்பது வருஷமாக அந்த வார்த்தையைக் கடைக்குள் நுழையவிடாதவன் நான். உப்பு உலோகத்தை அரிக்கும் என்பது எனக்கும் தெரியும்தான், எதிர்த்துப் பேச வழியில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியும் டிரம்மும் வாங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தேன்.

முதல் ஐந்து வாரம் உயிர் எதையும் விடக்கூடாது என்றார்கள். தண்ணீர் பழக வேண்டுமாம். வெறும் தண்ணீர், வெறும் கல். நான் நாற்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க கல்லையே பாத்துக்கிட்டு இருக்கிய. கல்லும் உங்களையே பாத்துக்கிட்டு இருக்கு. ரெண்டுல எது மொதல்ல அசையுதுன்னு பாப்போம்" என்றாள் மனைவி.

பிறகு ஒரு சனிக்கிழமை எல்லாம் வந்தன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். பொத்தான் பொத்தானாக விரியும் பச்சைப் பவளம். கடைசியாக, ஒரு பிளாஸ்டிக் பையில், இறால். வரும் வழியில் எங்கேயோ இடித்துக்கொண்டு அதன் இடது மீசை பாதி ஒடிந்திருந்தது.

மீன்களுக்குப் போடும் உறைந்த தீனி மாமிசம்தான் என்பதை மெல்லத்தான் சொன்னேன். மனைவி, "அது வெளிய செத்து வந்தது. நம்ம கணக்குல சேராது" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சிவப்பு நூல் கட்டி, இட்லி மாவுக்கு எட்டாத மூலையில் ஃப்ரீசருக்குள் வைத்தாள். எதிர்வீட்டு மராத்தி அம்மாள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "பாபி, ஜிங்கா மசாலா கப் பனாவோகி?" என்று, அதாவது அண்ணி இறால் மசாலா எப்போது செய்வாள் என்று கேட்டபோது, இவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்து இறாலிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் கண்ணால் பார்த்தேன்.

ஏனென்றால் அதற்குள் இறால் அவளுடையதாகிவிட்டது. ஒருநாள் கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று விரலை உள்ளே விட்டாள். இறால் பாறையை விட்டுக் குதித்து வந்து அவள் கைமேல் ஏறி, நகக்கண்ணைச் சுரண்ட ஆரம்பித்தது. "அய்யய்யோ, கூசுது! கூசுது! எடுக்காதிய, எடுக்காதிய!" என்று கூவிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு தினமும் ஏழு மணிக்கு, நீல விளக்கு எரிந்ததும், கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து தண்ணீரில் விடுவாள். இறால் வரும். அதைப் பார்க்க நானும் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

பிறகு மே மாதம் வந்தது. இரண்டு ஃபேன் காற்றில் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீரை ஊற்ற வேண்டும். ஃபில்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் கேன் அடியில் விரிசல் விட்டு ஒழுகியது. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். உப்பில்லாத தண்ணீர்தானே, இதற்கு எதற்கு பிளாஸ்டிக்? கடையிலிருந்து குழாய் வைத்த புதுச் செம்புக் குடம் ஒன்றைக் கொண்டுவந்தேன். செம்பில் இரவு முழுக்க இருந்த தண்ணீர் உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று தினம் பத்துப் பேரிடமாவது சொல்லி விற்கிறவன், என் இறாலுக்கு மட்டும் மட்டமான தண்ணீரைக் கொடுப்பேனா? நாலு நாள் ஆசை ஆசையாக ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் காலை பொத்தான் பவளங்கள் விரியவே இல்லை. கடைக்குப் போய், பதினோரு மணிக்கு குர்லாக்காரருக்கு போன் போட்டேன். உப்பு, சூடு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "பானி கிஸ் மே ரக்தே ஹோ, அண்ணா?" என்று தண்ணீர் வைக்கும் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டார்.

"தாம்பே கா மட்கா! செம்புக் குடம்!" என்றேன் பெருமையாக.

"அரே பாப்ரே. ஜிங்கா தோ கயா சமஜோ" என்றார். இறால் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

செம்பு மீனைக் கொல்லாமல் விட்டாலும் விடும், இறாலைக் கொன்றுவிடும், பவளத்தையும் கொன்றுவிடும். தண்ணீரில் கடுகளவு கலந்தால் போதும். இவ்வளவையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு என் சாவியால் திறந்தேன். தொட்டியின் மணலில், முன்பக்கமாக, இறால் மல்லாந்து கிடந்தது. நிறமெல்லாம் வெளுத்து, கால்கள் மடங்கி, அலையடிக்கிற பக்கமெல்லாம் அசைந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். இறாலுக்காகக் கொஞ்சம். நான் கொடுத்த வாக்குக்காகக் கொஞ்சம். வீட்டுக்குள் ஓர் உயிர் செத்துவிட்டது, இன்றே தொட்டி வெளியே போக வேண்டும். அதையும்விட, அவளிடம் போய் உன் இறாலை என் செம்புக் குடம் கொன்றுவிட்டது என்று எந்த வாயால் சொல்வேன்?

சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். இடுக்கியால் அதை எடுத்து, குங்குமம் வைக்கிற சின்ன டப்பா ஒன்றில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். டிரம்மில் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினேன். ஆட்டோ பிடித்து குர்லாவுக்குப் பறந்தேன்.

கடைக்காரர் செம்பை உறிஞ்சும் கரிப் பையை எடுத்து வைத்தார். "அதே மாதிரி ஒரு ஜிங்கா" என்றேன். அவர் சிரித்தார். இன்றைக்கு என்னவோ எல்லாருக்கும் ஜிங்காதான் வேண்டியிருக்கிறது, இப்போதுதான் ஒரு பாபி வாங்கிக்கொண்டு போனார், இது கடைசி என்றார். எந்த பாபி என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

நான் திரும்பியபோது மனைவி அடுக்களையில் இருந்தாள். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. "வாங்க வாங்க, என்ன சீக்கிரமே வந்துட்டிய? பஜ்ஜி போடுதேன்" என்றாள். மே மாதப் பகலில் பஜ்ஜி! நான் ஏன் வந்தேன் என்று அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அடுக்களையை விட்டு வெளியே வரவும் இல்லை. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு, கரிப் பையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, இறால் பையைப் பாறைக்குப் பின்னால் மிதக்கவிட்டு, அரை மணி கழித்துத் திறந்துவிட்டேன். எட்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றேன். அவளும் நானும் அன்றைக்குத் தேவைக்கு மேல் பேசினோம்.

ஏழு மணிக்கு நீல விளக்கு எரிந்தது. இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். பாறையின் இடப்பக்கத்திலிருந்து ஓர் இறால் வந்தது.

"பாத்தியளா, எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு" என்றாள் அவசரமாக.

"பின்ன? அதுக்கென்ன குறைச்சல்" என்றேன் அதைவிட அவசரமாக.

வலப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு இறாலும் ஒன்றையொன்று மீசையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போது நடுப்பாறையின் பொந்திலிருந்து மூன்றாவது இறால் மெதுவாக எட்டிப் பார்த்தது. முன்னைவிடப் பளிச்சென்ற சிவப்பு. இடது மீசை இன்னும் மற்றதைவிடக் குட்டை. நேராகக் கண்ணாடியோரம் வந்து, அவள் கை எங்கே என்று தேடியது.

அவள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நான் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சதையே இல்லை. மீசை, கண், கால் நகம் வரை அச்சாக இருந்த வெறும் ஓடு. பாம்பு போல இதுவும் சட்டை உரிக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

"நீங்கதான் எடுத்தியளா!" என்றாள். "காலைல பாத்தேன். தொட மனசு வரல. வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து விட்டுட்டு, அப்புறமா எடுத்துருவோம்னு குர்லாவுக்கு ஓடுனேன். வந்து பாத்தா காணோம். மீனுதான் தின்னுட்டுன்னு நெனச்சேன்."

நான் செம்புக் குடத்தின் கதையைச் சொன்னேன். பாத்திரக்கடைக்காரன் பெருமை அன்றைக்கு எப்படி வழிந்தோடியது என்று அவள் வெகுநேரம் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். தொட்டியிலும் ஒன்றும் சாகவில்லை. மூன்றாம் நாள் பச்சைப் பவளம்கூடப் பொத்தான் பொத்தானாகத் திறந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கவில்லை, அதைக் கேட்டுவிட்டேன்.

"கண்டிஷன் போட்டது நீதானே. செத்துட்டுன்னு தெரிஞ்சதும் தொட்டியைத் தூக்குங்கன்னு சொல்லியிருக்கலாமே. நீ எதுக்கு ஓடுன?"

அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். குட்டை மீசைக்காரன் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"தொட்டி போயிட்டா நீங்க மறுபடியும் பத்து மணிக்கு மேலதானே வருவிய" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு இருபது வயதில்கூட வராத ஒரு சந்தோஷமும் வந்தது. இப்போதெல்லாம் ஆறு மணிக்கே கடையை அடைக்கிறேன். இறாலுக்காக என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.