ஒன்றாம் நம்பர் பட்டன்

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் தொண்ணூறுகளில், கம்பெனிக்காரனே கைவிட்ட கார்கூட மயிலாப்பூரில் என் ஒர்க்‌ஷாப்பில் ஓடும். வெளிநாட்டுக் காரில் கழற்றிய மோட்டார் சீட்டை ஒரு பழைய ஃபியட்டில் பொருத்தினேன். ஒன்றாம் நம்பர் பட்டனைத் தட்டினால், பழக்கி வைத்த இடத்துக்கு அதுவே வந்து நிற்கும்.

வண்டியின் சொந்தக்காரர் ஒல்லியான பெரியவர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். உயரமான மகள் ஓட்டிய பிறகு சீட்டை முன்னுக்கு இழுக்க அவர் கையில் வலுவில்லை. அதற்காகத்தான் இந்தப் பட்டன்.

ஒரே மாதத்தில் திரும்பி வந்தார். "சீட்டு பின்னாடி போயிடுத்து. கிளட்ச் எட்டலை."

பொருத்திய அன்று நான் போட்ட சாக்பீஸ் கோட்டிலிருந்து சீட்டு இம்மியும் நகரவில்லை. கிளட்சை மிதிக்க முடியாமல் அவர் கால்தான் நடுங்கியது. என் வேலையில் குறை சொன்னவனை நான் சும்மா விட்டதே கிடையாது. அன்று, "நம்ம மிஷ்டேக்கு சார்" என்று சொல்லி முன்னுக்குத் தள்ளி வைத்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது ஸ்டியரிங் அவர் வயிற்றில் இடித்தது.

"இன்னும் கொஞ்சம்?"

"இதுக்கு மேல எடம் இல்ல சார்."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். "ஆத்துல விட்டுடுங்கோ. சீட்டைத் தள்ளிக்கோங்கோ. இனிமே எனக்கு எதுக்கு அந்த இடம்?"

எனக்குத் தள்ள மனம் வரவில்லை. முட்டி இடிக்க இடிக்க அப்படியே ஓட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் பொய் முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்குமோ? இன்றுவரை பிடிபடவில்லை.