கதவைத் தட்டிய கை

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கழிப்பறைப் பீங்கானில் இருந்த நிறம். தார் போன்ற கறுப்பு. முந்தின இரவு சாப்பிட்ட கேழ்வரகுக் களி என்று நினைத்துக்கொண்டேன். எழுந்தேன். தலை சுற்றியது. அப்படியே சிமென்ட் தரையில் சரிந்தேன்.

2005 ஏப்ரல் மாதம், உப்பு வாரும் காலம். எனக்கு அறுபத்தாறு வயது. மனைவி இறந்தபின் மரக்காணத்தில் தனியாக இருந்தேன். உப்பளத்தில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. நாள் முழுவதும் நிற்க வேண்டும். முழங்கால் தாங்கவில்லை. உப்பளத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். மருந்துக் கடையில் 'உடம்பு வலி' என்றால் போதும், நான்கைந்து மாத்திரைகளைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அதற்கு செட் என்று பெயர். எந்த மாத்திரைக்கும் பெயர் இருக்காது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு செட், மதியம் ஒன்று. இப்படி இரண்டு மாதம். நெஞ்சு நோய்க்குத் தினமும் போடும் மாத்திரை வேறு; அதைத் தந்த டாக்டரிடம் செட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

தரையில் கிடந்தபடி குரல் கொடுத்தேன். யாருக்கும் கேட்கவில்லை. மகன் வடநாட்டில் இருக்கிறான். அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. நான் செத்தால் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும் என்று தோன்றியது. அழுதேன். 'ஆண்டவரே, சுகம்கூட வேண்டாம். யாராவது ஒருவர் கதவைத் தட்டட்டும்.' அவ்வளவுதான் என் ஜெபம்.

ஆறரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. உப்பு வாரும் கன்னியம்மா.

"சாரு, செட்டு ஒண்ணு இருக்குதா? இடுப்பு கழண்டு வுழுது."

பதில் வராததால் தாழிடாத கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஐயையோ, இன்னா சாரு இப்படிக் கெடக்கறீங்க!"

ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடும்போதெல்லாம் அதட்டினாள். "தூங்காதீங்க சாரு. சாவறதா இருந்தா சீட்டு எழுதிக் குடுத்துட்டு சாவுங்க. அங்க லாரி நிக்குது."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்றார். நெஞ்சு மாத்திரையை மட்டும் சொன்னேன்; செட்டில் இருந்த எதற்கும் பெயர் தெரியவில்லை. கன்னியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு செட்.

"அலமாரில இருந்துச்சு. எனக்குன்னு எடுத்துக்கினேன்."

டாக்டரம்மா பேனா முனையால் மாத்திரைகளைப் பிரித்தார். "இதுல ரெண்டு ஒரே மாதிரி வலி மாத்திரை. நெஞ்சுக்கு வேற ரத்தம் உறையாம இருக்கறதுக்கு தெனமும் சாப்பிடறீங்க. எல்லாம் சேர்ந்து வயித்துல புண்ணாகி ரத்தம் கசிஞ்சிருக்கு." பிறகு அவளைப் பார்த்தார். "நீ போட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"போடாத."

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தேன்.

இன்று பெயர் தெரியாத எந்த மாத்திரையும் என் வாய்க்குள் போவதில்லை. வலி மாத்திரை வாங்கும் முன் நெஞ்சுக்கான மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுகிறேன். கழிவு கறுத்தால் களியின் மேல் பழி போடுவதில்லை. என்னைப் போலத் தனியாக இருக்கும் பெரியவர்களே, டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். ஆண்டவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கேட்டது கதவில் ஒரு தட்டு. அவர் அனுப்பினார். அவருக்கு நன்றி சொல்லாமல் ஒரு காலையும் விடிவதில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். உடன் இருந்தவர்: கன்னியம்மா. உறவு: தங்கை.