சுவரோரம் போன சைக்கிள்

தையல் ஆலையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணைவிட விரலைத்தான் அவள் நம்புவாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் விரல் அங்கேயே நின்றுவிடும். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. நாற்காலி மட்டும் மூன்று தடவை மாறியது. பாரம் தாங்காமல் என்று மேற்பார்வையாளர் கிண்டல் செய்வார்.

நாற்பத்தேழு வயதில் சர்க்கரை வந்தது. "உட்கார்ந்தே வேலை, உட்கார்ந்தே பஸ். உடம்பு எப்பதான் அசையும்?" என்று கேட்டார் மருத்துவர். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவரே அவள் கணவர்தான். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் ஜன்னலோரம் எப்போதும் அவளுக்கென்று இருந்தது. கல்யாணமாகிப் போன மகளின் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே இழுத்தாள்.

"பார்க்கிறவங்க நமக்குள்ள சண்டைன்னு நினைக்கப் போறாங்க," என்றார் கணவர்.

"நினைச்சுட்டுப் போகட்டும். சண்டை இல்லாத வாரம் எது?"

ஆலைக்குப் போகிற சாலை ஒரு மேட்டை வெட்டிப் போட்டது. மண் சரியாமலிருக்க இடப்பக்கம் முழுக்கக் கருங்கல் சுவர், மூன்று ஆள் உயரம். பஸ்ஸில் போகும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் அது கடந்துவிடும். சைக்கிளில் அப்படி இல்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கி, இறங்கி, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். சுவர் நிழலில் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்த சாவி செய்கிறவர், "மெதுவா போ தங்கச்சி, ஆலை எங்கயும் ஓடிடாது," என்றார்.

மூன்றாம் நாள் இளைப்பாற நின்றபோது சுவரில் கை வைத்தாள். விரல் நின்றுவிட்டது.

கல் ஈரமாக இருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. நீர் வடிவதற்காகச் சுவரில் விட்டிருந்த துளைகளில் ஒன்றிலிருந்து கலங்கல் நீர் கசிந்தது. பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். சாவிக்காரரின் தலைக்கு மேலே சுவர் சற்றே வயிறு தள்ளியிருந்தது. அந்த வயிற்றின் குறுக்கே ஒரு விரிசல், அவள் சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவு. துணியில் குறியிடும் சாக்கட்டி பையில் இருந்தது. விரிசலின் இருபுறமும் ஒரு கோடு போட்டு, இஞ்ச் டேப்பால் அளந்தாள்.

இரண்டு வாரத்தில் நகம் போன இடத்தில் விரல் போனது.

"அண்ணே, இந்த இடம் சரியில்லை. பெட்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க."

"பதினாறு வருஷமா இங்கதான் இருக்கேன். நீ வந்து பார்த்ததும் அதுக்கு வெக்கம் வந்துடுச்சு போல," என்று சிரித்தார் அவர்.

கணவரும் காது கொடுக்கவில்லை. "சுவருக்குப் பொட்டு வைக்கவா சைக்கிள்ல போற?" என்றார். நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து இரண்டு பேர் வந்து சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். விரிசல் மறைந்தது. சாக்கட்டிக் கோடுகளும் மறைந்தன. கசிந்துகொண்டிருந்த துளைகளையும் சுத்தமாக அடைத்திருந்தார்கள்.

"பாரு, வேலை முடிஞ்சுது," என்றார் சாவிக்காரர். அவள் அடைபட்ட துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள். இத்தனை நாள் வெளியே வந்த தண்ணீர் இனி எங்கே போகும்?

பிறகு மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டி, மூன்றாம் நாள் காலையில் ஓய்ந்தது. ஊரே சொட்டிக்கொண்டிருக்க, அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அடைத்த துளைகளிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. காதை வைத்தாள். உள்ளே ஏதோ மெதுவாக அரைபடுவதுபோல் ஒரு சத்தம். மேலிருந்து ஒரு பிடி மணல் உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது.

ஏழு இருபதுக்குக் கணவரின் பஸ் வரும். சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே சரிவில் இறங்கி, வளைவுக்கு முன்னால் சாலையின் குறுக்கே படுக்கப் போட்டுவிட்டு நின்றாள். பஸ் முனகி நின்றது. கணவர் இறங்கி வந்தார்.

"என்ன இது? நாப்பது பேர் பார்க்கிறாங்க. வீட்ல பேசிக்கலாம்."

"அந்தப் பக்கம் போகாதீங்க. போகணும்னா சைக்கிள் மேல ஏத்திட்டுப் போங்க."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். "குடும்பச் சண்டையை ரோட்லயா வச்சுக்கிறது?" என்று ஒரு குரல். கணவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஏறி, பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து, சந்தை வழியாகச் சுற்றிப் போனார்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. வழி மாறிப் போனதற்குக் கணவரிடம் பணிமனையில் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் வீட்டில் பேச்சை நிறுத்தினார். ஆலையில் பூதக்கண்ணாடி என்ற பெயர் போய், 'மறியல்' என்ற பெயர் வந்தது. அவளும் சந்தை வழியாகவே மிதிக்கத் தொடங்கினாள். சாவிக்காரரிடம் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரும் சிரிப்பார் என்று போகவில்லை.

ஐந்தாம் நாள், பளீரென்ற வெயிலில், முற்பகல் பதினொன்றரைக்கு, ஆலையின் ஜன்னல்கள் ஒருமுறை அதிர்ந்தன. எல்லோரும் இடி என்றார்கள். அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

சாலையே இல்லை. மேட்டு மண் எதிர்ப்பக்கம் வரை வந்து கிடந்தது. சாவிக்காரரை மாலையில்தான் எடுத்தார்கள்.

விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டபோது கணவரும் கூட வந்தார். நகராட்சியில் அப்படி ஒரு புகாரே பதிவாகவில்லை என்றார் குமாஸ்தா. அவள் தேதிகளையும் அளவுகளையும் எழுதி வைத்திருந்த துண்டுச்சீட்டை மேசையில் வைத்தாள். அதிகாரி கணவரிடம், "நீங்க ஏன் பஸ்ஸைத் திருப்பினீங்க? சுவர் விழும்னு நம்பினீங்களா?" என்று கேட்டார்.

"நம்பலைங்க," என்றார் அவர். "அவ நகர மாட்டான்னு மட்டும் தெரிஞ்சுது."

அதிகாரி அவள் பக்கம் திரும்பி, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். சாவிக்காரரிடம் ஒரு தடவைக்கு மேல் தான் சொல்லவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அது தேவையில்லை என்றார்கள். எழுதும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.