மதிலுக்கு அப்பால் ஓர்கன்

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டவுனுக்குக் குடிவந்த பிறகு, உம்மு குல்சும் கிறிஸ்தவர்களின் வருஷத்தைக் காதாலேயே படித்துவிட்டாள். மதிலுக்கு இந்தப் பக்கம் அவளுடைய வாடகை வீடு. அந்தப் பக்கம் கன்னியர் மடத்துச் சிற்றாலயம், அதற்குள் ஒரு பழைய மிதி ஓர்கன். அந்தியில் சிஸ்டர்மார் செபத்தைப் பாட்டாகவே சொல்வார்கள். எல்லாரும் ஒரே குரலில், அவசரமில்லாமல், ஒரு சொல்லை இழுத்து இழுத்து. கடற்காற்றோடு அது வந்தால், குசினி அடுப்படியில் நிற்கிறாளா கனவில் நிற்கிறாளா என்று அவளுக்கே தெரியாது. மார்கழியில் யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி ஓர்கன் மெல்ல நடந்தது. யேசு பிறந்த நத்தாருக்குத் துள்ளியது. பிறகு தவக்காலமென்று மெலிந்துபோனது. "இது அவங்கட நோன்பு" என்று மீன்காரனுக்கு விளக்கம் வேறு. ஒரு மெட்டின் பெயரும் தெரியாது, ஆனால் விளக்கத்துக்குக் குறைவில்லை.

டவுனுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. கணவர் பக்கீர் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டினவர். பாரிசவாதம் அடித்து ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. கிளினிக் கிட்ட இருக்கட்டும் என்றுதான் இந்த வீடு. பகலில் நாலு கரண்டி கஞ்சி இறங்கினாலே பெரிய காரியம். அந்தியில் ஓர்கன் கேட்டால் மட்டும் மனிசன் வாயைத் திறப்பார், கோப்பை காலியாகும். சாப்பாடு இறங்காவிட்டால் மூக்கால் குழாய் போடவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளோ அந்த ஓர்கனை மலைபோல நம்பியிருந்தாள்.

பெரிய வியாழன் அன்று மணிகளும் ஓர்கனும் சேர்ந்து முழங்கின. அத்தோடு சரி. வெள்ளிக்கிழமை அந்தியில் ஒரு சத்தமும் இல்லை. பக்கீர் வாயை இறுக்கிக்கொண்டார், கஞ்சி நாடியில் வழிந்தது. அவள் கெஞ்சினாள், ஏசினாள், கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். சனி மத்தியானமும் அதே பாடு. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் மடத்துக் கேட்டைத் தட்டினாள்.

ஓர்கன் வாசிக்கிற சிஸ்டர் மெற்றில்டாவே வந்தார்.

"சிஸ்டர், ஓர்கன் கேட்டாத்தான் எங்கட மனிசனுக்குச் சாப்பாடு இறங்கும். கொஞ்சம் வாசிங்களன்."

"ஏலாது தங்கச்சி. ஆண்டவர் கல்லறையில இருக்கிற நாள். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் ஓர்கனத் தொடமாட்டம். இந்த மடத்தில பாட்டும் இல்ல, செபத்த மெல்லமாச் சொல்லுவம்."

சொல்லிவிட்டு சிஸ்டர் உள்ளே போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்து, "அவருக்கு எந்த மெட்டுப் பிடிக்கும்? நாளைக்கு அதையே வாசிக்கிறன்" என்றார்.

பெயர் தெரிந்தால்தானே! ஆறின கஞ்சிக் கோப்பையைப் பிடித்தபடி உம்மு குல்சும் கூசிக் கூசி முனகிக் காட்டினாள். பக்கீரின் வாய் திறந்தது.

அவள் திடுக்கிட்டு நிறுத்தினாள். "ஐயோ, இண்டைக்குப் பாட்டு இல்லையெண்டீங்களே!"

வாய் மூடிக்கொண்டது.

"அது எங்களுக்கு. நீங்க பாடுங்க."

மறுபடி முனகினாள். மறுபடி திறந்தது.

"தங்கச்சி, அந்தியில அவருக்குக் கரண்டியால கஞ்சி தீத்தக்குள்ள நீங்க இப்பிடித்தான் முனகுறதா?"

"நானா?"

ஓர்கனோடு தன் தொண்டையும் சேர்ந்து முனகியதை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. அது நின்றதும் இதுவும் நின்றிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் ஒரு வரி பாடியதில்லை. சிரிப்பார் என்ற பயம். இப்போது அழுதுகொண்டே முனகினாள். சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. கோப்பை காலியானது.

ஞாயிறு காலை, அத்தனை மணிகளோடும் ஓர்கன் திரும்பி வந்தது. சிஸ்டர் சொன்ன சொல் தவறாமல் அதே மெட்டைத்தான் வாசித்தார். பக்கீர் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. கஞ்சியோடு வந்தவளின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.