கொக்கியம்மா தின்ற கேரை

துறைமுகத்தில் அவளுடைய நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை. தூண்டில் போட்டால் வெறுங்கையோடு திரும்பாததால் கொக்கி என்றே பெயராகிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டியதும் மரியாதைக்கு ஓர் 'அம்மா' ஒட்டிக்கொண்டது. படகு அவளுடையது. எஞ்சின் புருஷன் பொறுப்பு. எஞ்சின், புருஷன் இரண்டும் நாள் முழுக்கப் புகைந்துகொண்டே இருக்கும்.

பிடிபடும் சூரை மீனில் சின்னதான எலிச்சூரை வீட்டுக் குழம்புக்கு. வரிச்சூரை சந்தைக்கு. ஆள் கனத்தில் வருகிற கேரை மட்டும் நேராக வியாபாரியின் ஐஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிவிடும். முப்பது வருஷம் கேரை பிடித்தவள் அதில் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை.

ஒருநாள் காலை, கடலில் பறவைகள் விழுந்து விழுந்து கொத்திய இடத்தில் ஒரு கேரை இரையைக் கவ்விக்கொண்டு பாதாளத்துக்குப் பாய்ந்தது. கயிறு ஓடிய ஓட்டத்தில் கையுறை கிழிந்தது.

"விட்டுத் தொலைடி, கை போயிடும்!"

"நீ எஞ்சினைப் பாருய்யா. என் கையை நான் பாத்துக்கறேன்."

இரண்டு மணி நேரம் இழுபறி. கடைசியில் மீன் படகுக்குள் வந்து புருஷனின் காலிலேயே விழுந்தது. அவன் போட்ட கூச்சலுக்கு மீனே அடங்கிவிட்டது. அவள் செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து, ஐஸில் புதைத்துவிட்டு, தோல் உரிந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இதை நாமளே திங்கறோம்."

"வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

கரையில் வியாபாரி பதறிப்போனான். "அக்கா, விளையாடாதீங்க. இது வீட்டுல திங்கற மீனா?"

"ஏன், என் வயித்துக்கு லைசென்ஸ் எடுக்கணுமா?"

கெஞ்சிக்கொண்டே அவள் சமையலறை வரைக்கும் வந்துவிட்டான். அவள் கத்தியைத் தீட்டியபடி கேட்டாள்: "இது நல்லா இருக்குமாய்யா?"

"பிரமாதமா இருக்கும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க? நீ தின்னதில்லையா?"

வியாபாரி தலையைச் சொறிந்தான். இருபது வருஷமாக விற்கிறவன், ருசி பார்த்ததே இல்லை. அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

வயிற்றுச் சதையை உப்பும் மிளகும் தடவிச் சுட்டாள். முதுகுச் சதையை வறுத்தாள். வெயிலைப் பழித்த புருஷன் மூன்றாம் முறை தட்டை நீட்டினான். வியாபாரிக்குக் கண் கலங்கியது.

"இத்தனை வருஷமா எவனோ முகம் தெரியாத பய தின்னு கொழுத்திருக்கான் அக்கா!"

மிச்சத்தைத் தெருவுக்குப் பங்கு வைத்தாள். எல்லோருக்கும் வயிற்றுச் சதைதான் வேண்டுமாம். வால் கிடைத்த எதிர்வீட்டு நாத்தனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது வருஷத்துக்கு ஒரு கேரை அந்த வீட்டோடு நின்றுவிடுகிறது. கப்பலேற்றும் கம்பெனிக்காரர்கள் கேட்டால், அது அடிபட்ட மீன் என்று வியாபாரி கூசாமல் சொல்கிறான். அது அடுப்பேறும் அன்று சாயங்காலம் எலுமிச்சம்பழத்தோடு முதலில் வந்து உட்காருகிறவனும் அவன்தான்.