போதகர் கையெழுத்திடாத விண்ணப்பம்

1986இல் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தேன். படிக்க வந்து, வேலையும் கிடைத்து, நிரந்தர வதிவிட அனுமதியும் பெற்றிருந்தேன். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த நம்மவர்களுக்கு ஜேர்மன் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. எந்த அலுவலகத்தில் எந்தக் கதவைத் தட்டுவது, எத்தனை பிரதி கொடுப்பது எல்லாம் மனப்பாடம். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அங்கே அகதி விடுதியில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர் இருந்தார். ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கி நடத்தியவர். வந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து மாவட்ட விடுதியின் சமையலறையில், சனிக்கிழமைதோறும் பதினொரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அத்தனையும் சைவ சமயக் குடும்பங்கள்.

அகதி விண்ணப்பம் முடியும்வரை அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. மூன்றாவது சனிக்கிழமை ரயிலில் பொலிஸ் அவரைப் பிடித்து எச்சரித்தது. இன்னொரு முறை அகப்பட்டால் வழக்கு. போகாவிட்டால் வகுப்பு நின்றுவிடும்.

என்னிடம் வந்தார். அரிய நோயாளி கிடைத்த வைத்தியர் போல எனக்கு உற்சாகம். படிப்பிக்கப் போவதென்றால் அனுமதி தரமாட்டார்கள், போதகர் வழிபாடு நடத்தப் போவதென்றால் தருவார்கள். அப்படியே எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன்.

"தம்பி, நான் அங்கை வழிபாடு நடத்திறேல்லையே."

"ஒரு செபத்தைச் சொல்லிப்போட்டு 'அ'னாவை எழுதுங்கோவன் ஐயா. பிறகென்ன பொய்?"

சிரித்தார். "அதுதான் ஏலாது. கிறிஸ்தவ வேதத்துக்கு இழுக்க வந்திட்டன் எண்டு தாய்மார் பயந்தவை. ஒரு செபமும் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்துத்தான் பிள்ளையளைக் கூப்பிட்டனான்."

"இந்தத் தாள் அதிகாரியளின்ரை கந்தோர் அலுமாரிக்குள்ளை கிடக்கப் போகுது. அந்தத் தாய்மார் வாசிக்கவே போயினம்?"

"நான் வாசிச்சிட்டனே."

உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டோம். ஒரே வாரத்தில் இரண்டு வரியில் மறுப்பு வந்தது. "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறகு மேன்முறையீடு, சபையின் சிபாரிசுக் கடிதம், அதற்கான காலக்கெடு என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்று கேட்டார்.

"தம்பி, உமக்கு எல்லை தாண்ட ஆரின்ரை அனுமதி வேணும்?"

"எனக்கு ஒருத்தற்றை அனுமதியும் தேவையில்லை ஐயா" என்றேன், பெருமையாக.

"அப்ப சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு ஒரு ரயில் இருக்கு."

எனக்குப் படிப்பிக்கத் தெரியாது என்றேன். பதினொரு பிள்ளைகளின் பெயரையும், யார் இடக்கைக்காரர், யாரை அதட்டக் கூடாது என்பதையும் அங்கேயே உட்கார்ந்து எழுதித் தந்தார்.

போனேன். வாசலில் நின்ற தாய் ஒருவர், "ஐயா வரேல்லையோ?" என்று முகம் சுருங்கக் கேட்டார். வழிபாடு என்று எழுதிய என் உத்தி உட்பட நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்தவர், பிள்ளைகளைக் கூப்பிட உள்ளே போனார்.

போதகருக்கு அகதி அந்தஸ்து கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அதுவரை எல்லாச் சனிக்கிழமையும் போனேன். அவர் திரும்பி வந்து வகுப்பைப் பள்ளிக்கூடமாக முறையாகப் பதிவு செய்தபோது படிவங்களை நான்தான் நிரப்பினேன்.

ஓய்வுபெற்ற பிறகும் படிவத்தோடு ஆட்கள் வருகிறார்கள், விதிகளை இன்றும் ரசித்து விளக்குகிறேன். ஆனால் பேனாவை எடுக்குமுன், யாருடைய அனுமதியும் இல்லாமல் நானே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்கிறேன். பெரும்பாலும் இருக்கிறது, அதுதான் சங்கடம்.