மெஹராஜ் தேர்ந்தெடுத்த விடுதிகள்

முஸ்லிம்கள் நிறைந்த கோட்டைமேட்டைச் சேர்ந்த மெஹராஜ், காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸில் பல வருடமாக வேலை பார்த்தாள். டிக்கெட் போடுவதில் ஆரம்பித்து, வெளிநாட்டு விடுதிகளுக்கு ஃபேக்ஸ் அனுப்பி அறை பேசி முடிப்பது வரைக்கும் எல்லாம் அவள் கைக்கு வந்திருந்தது. அவளுடைய மேஜை வாசலைப் பார்த்தபடி இருந்தது. தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஊரில் குண்டுகள் வெடித்தன. அதற்கப்புறம் முதலாளி வரதராஜுலு அந்த மேஜையைப் பின்பக்கம், பிளைவுட் தடுப்புக்கு அந்தப்புறம் தள்ளிப் போட்டார்.

"நமக்குள்ள ஒண்ணுமில்ல அம்மணி. வாரவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

சில நாள் கழித்து இன்னொன்றும் சொன்னார். போனில் பேர் கேட்டால் மீனா என்று சொல்லிவிடு என்றார்.

அவள் மறுக்கவில்லை. மறுக்கிற நிலையில் வீடு இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. அத்தா அப்துல் குத்தூஸின் ஜவுளிக்கடை, முந்தின வருடக் கடைசியில் நடந்த கலவரத்தில் எரிந்துபோனது. அன்றைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்தான், பிறகு தெருவில் இறங்கவே இல்லை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மே மாதம் காங்கேயத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் பூவாத்தாள், தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் பொங்கியண்ணனின் மனைவி. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இனிமேலாவது இரண்டு பேரும் எங்காவது போய் வரலாம் என்று யோசனை. கணவர் சிங்கப்பூர் என்றிருக்கிறார். பூவாத்தாளோ கென்யாவில் சிவப்புத் துணி போர்த்தியவர்கள் மாடு மேய்ப்பதை டிவியில் பார்த்துவிட்டு, போனால் அங்கேதான் என்று நின்றுவிட்டாள்.

"எங்க தோட்டத்துலயும் மாடு நிக்குதுங்க. இருந்தாலும் அவிய எப்படி ஓட்டறாங்கன்னு பாக்கோணும். சிங்கம் பக்கத்துலதான இருக்கும், அதையும் பாத்துக்கலாம்."

மெஹராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து இரண்டொரு நாளைக்கு ஒருமுறை போன் வந்தது. சிங்கங்கள் இருக்கும் மசாய் மாரா சரணாலயத்தில் தங்க இரண்டு இடங்களை மெஹராஜ் எடுத்து வைத்திருந்தாள். ஒன்று குன்றின் மேல் கல்கட்டிடம். இன்னொன்று ஆற்றங்கரையில் கூடாரம்.

"டென்டுலயா? காசக் குடுத்துப்போட்டு டென்டுல போய்ப் படுக்கறதுக்கு எங்க தோட்டத்துச் சாளையே போதுமேங்க."

"டென்டுன்னாலும் உள்ள கட்டில், பாத்ரூம் எல்லாம் இருக்குதுங்கம்மா. குன்று மேல இருக்கறதுல சாப்பிடப் போகோணும்னாக்கூட படி ஏறோணுமுங்க. உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்ல?"

முட்டி வலியைப் பூவாத்தாள் வேறு ஏதோ பேசும்போது சொல்லியிருந்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மெஹராஜ் விடுதிக்கு ஃபேக்ஸ் போட்டுப் படிகளைப் பற்றி விசாரித்திருந்தாள். ஆற்றங்கரைக் கூடாரமே முடிவாயிற்று. நீர்யானை ராத்திரியில் கத்துமா, கத்தினால் உள்ளே வருமா என்று ஒரு நாள் முழுக்கக் கேள்வி வந்தது.

அடுத்தது கடல். மொம்பாசாவுக்குத் தெற்கே மூன்று விடுதிகளைப் பார்த்ததில், ஒன்றில் இரவெல்லாம் ஆட்டம் பாட்டம். ஒன்றில் கடலுக்கு இறங்கப் பாறை. மிச்சமிருந்த ஒன்று அமைதியாக, கரையோரம் ஆழமில்லாமல் இருந்தது. சேலையோடு கடலில் இறங்கினால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பூவாத்தாள் கூச்சத்தோடு கேட்டாள். அதையும் மெஹராஜ் ஃபேக்ஸில் கேட்டாள். இங்கே பெரும்பாலோர் முஸ்லிம்கள், பெண்கள் முழு உடையோடு கடலில் இறங்குவது வழக்கம்தான் என்று மேலாளர் பதில் போட்டிருந்தார். பின்பாதியை மட்டும் போனில் சொன்னாள்.

"நீ சொன்னாச் சரி மீனா கண்ணு. என்ற மககூட இத்தன பொறுமையாச் சொல்லமாட்டா. புரட்டாசி பொறக்கறதுக்குள்ள நாங்க போயிட்டு வந்துபோட்டு, உன்ன ஊட்டுக்குக் கூப்பிடறேன். கோழி அடிச்சுப் போடறேன், வா."

"வாரேனுங்கம்மா."

உண்மையான பேரைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. ஒருமுறை, "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்று ஆரம்பித்தும் விட்டாள். சொல்லு கண்ணு என்றதும் தைரியம் போய், கென்யா போகுமுன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதைப் பற்றிப் பேசிச் சமாளித்தாள். போய்விட்டு வரட்டும், சந்தோஷமாக வந்து நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

ஆகஸ்ட் முதல் வாரம், அவர்கள் கிளம்பச் சில நாளே இருந்தபோது, கென்யத் தலைநகர் நைரோபியில் குண்டு வெடித்தது. வீட்டு டிவியில் இடிந்த கட்டிடமும் புகையும் தெரிந்தன. அத்தா எழுந்து வந்து டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் மெஹராஜ் சீக்கிரமாகவே ஆபீஸுக்குப் போய் இரண்டு விடுதிக்கும் ஃபேக்ஸ் அனுப்பினாள். இங்கே ஒன்றுமில்லை, ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. நைரோபி நகருக்குள் தங்காமல் நேராக மாராவுக்குப் போக ஒரு வழியையும் விசாரித்து வைத்தாள்.

பொங்கியண்ணனும் பூவாத்தாளும் காரில் நேரிலேயே வந்துவிட்டார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுக்கு எல்லாம் கேட்டது.

"குண்டு வெடிச்சுப்போட்டாங்களே. எங்களுக்கு வேண்டாமுங்க" என்றார் பொங்கியண்ணன்.

"சித்தெ இருங்க. மீனாவ ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம். எங்கீங்க அந்தப் புள்ள?" இது பூவாத்தாள்.

"வெளிய போயிருக்குதுங்க" என்றார் வரதராஜுலு.

மெஹராஜ் ஃபேக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். புது வழியைச் சொன்னால் இவர்கள் போவார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது. தலையில் போட்டிருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

"நாந்தானுங்கம்மா."

பூவாத்தாள் குரலைக் கேட்டு முகம் மலர்ந்தாள். பிறகு முந்தானையைப் பார்த்தாள்.

"உம்பேரு என்ன கண்ணு?"

"மெஹராஜுங்க."

பொங்கியண்ணன் குரலை உயர்த்தாமல், மரியாதையாகவே சொன்னார்.

"பேரையே மாத்திச் சொல்ற புள்ள, அங்க பயமில்லைன்னு சொன்னா நாங்க எப்படிங்க நம்பறது?"

மெஹராஜ் வரதராஜுலுவைப் பார்த்தாள். அவர் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கே தெரியாதுங்க. அதுவாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்குது" என்றார் வரதராஜுலு.

அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. கையிலிருந்த ஃபேக்ஸ் தாளை இரண்டாக மடித்தாள். முதலாளிதான் பேரை மாற்றச் சொன்னார் என்று சொன்னால் இந்த வேலையும் போகும் என்ற பயம் முதலில் வந்தது. அந்த நேரத்திலும் அதுதான் வந்தது என்பதை நினைத்துப் பின்னால் பலநாள் தன்னையே வெறுத்தாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே" என்றாள் பூவாத்தாள். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கிப் போனாள்.

இரண்டு விடுதிகளையும் ரத்து செய்யும் ஃபேக்ஸை அன்று மத்தியானம் மெஹராஜே அனுப்பினாள். மாசக் கடைசியில் வரதராஜுலு அவளைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள், நானும் நாலு பேரிடம் சொல்லி வைக்கிறேன் என்றார். சொன்னாரோ இல்லையோ, எங்கிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. அவளாகப் போய்க் கேட்ட இடங்களில் வேலையைப் பற்றி நன்றாகத்தான் பேசினார்கள். வீடு எங்கே என்று கேட்டு, கோட்டைமேடு என்றதும், தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். காங்கேயத்துக்காரர்கள் தீபாவளிக்கு வேறொரு ஏஜென்ட் மூலமாக சிங்கப்பூர் போய்வந்ததாகக் கேள்விப்பட்டாள்.

பிறகு அவள் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்க ஆரம்பித்தாள். காலையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டதும் அத்தா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னிக்கு ஆபீஸ் லீவா கண்ணு?"

"ஆமாங்கத்தா."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். மறுநாளும் வந்து அதையே கேட்பார்.